பாறசாலை எல்லையில் பனிக்காலப் பறவைகளும் நீள லென்ஸும்

கேரள–தமிழ்நாட்டு எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் பனிக்காலத்தைக் குளிரால் அறிய முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் மார்கழி, தை மாத விடியல்களில் ஏலாக்களின் மேல் மெல்லிய மூடுபனி படிவதும், ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதும், வலசை வந்த பறவைகள் வயலிலும் தோட்டத்திலும் தத்தம் இடத்தைப் பிடித்துக்கொள்வதுமே இங்கு அப்பருவத்தின் அடையாளங்கள். ஏலா என்பது இருபுறமும் மேட்டுநிலத் தோட்டங்கள் சூழ, இடையிலுள்ள பள்ளத்தில் நீண்டு கிடக்கும் வயல்வெளி. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென்திருவிதாங்கூர் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையூரான களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் மண்ணும் நீரும் பயிரும் ஒரே தன்மையன. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளுக்கும் திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணி ஏரி, புஞ்சக்கரி வயல்களுக்கும் கேமராவோடு செல்வோர் பலர் இருக்க, இடையிலுள்ள இச்சிற்றூர்கள் பெரும்பாலும் கவனிக்கப்படாமலே விடப்படுகின்றன என்பது வருத்தத்திற்குரியது.

வருகின்ற பறவைகளோ குறைவானவை அல்ல. கும்பப்பூ எனப்படும் நெற்பருவத்தின் அறுவடை முடிந்த ஈரவயலில் பொரி உள்ளானும் வாலாட்டிகளும் இரை தேடுகின்றன; மின்கம்பிகளில் தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் அமர்கின்றன; பலா, அயினி மரங்களில் மாங்குயிலும் சாம்பல் கரிச்சானும் அரசவால் ஈப்பிடிப்பானும் தென்படுகின்றன. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவுகளில் பறந்து தெற்கே வரும் ஆறுமணிக்குருவி, தோட்டங்களின் சருகுத் தரையில் தத்தித் தத்திப் புழுக்களைக் கிளறுகிறது.

இவற்றைப் படமெடுக்கப் பயன்படுவது டெலிபோட்டோ எனப்படும் நீள லென்ஸ். லென்ஸின் ஆற்றலைக் குறிக்கும் குவிய நீளம் மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது. அது கூடக் கூட, படத்துக்குள் அடங்கும் வெளி சுருங்கி, உள்ளிருக்கும் பொருள் பெரிதாகிறது. 36 மில்லிமீட்டர் அகலச் சென்சார் கொண்ட கேமராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி 20 மீட்டர் தொலைவை நோக்கினால் படத்தின் அகலத்தில் அடங்குவது 1.2 மீட்டர் மட்டுமே. அங்கு நிற்கும் 15 சென்டிமீட்டர் பறவை அந்த அகலத்தில் எட்டில் ஒரு பங்கையே நிரப்பும். தொலைவு பாதியானால் பறவையின் அளவு இருமடங்காகும். ஆனால் கூர்மையாகத் தெரியும் ஆழம், அதாவது பறவைக்கு முன்னும் பின்னும் மங்காமல் விழும் பகுதி, 10 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டராகக் குறுகிவிடும். எனவே கண்ணில் குவியம் விழாத படம், அலகோ இறக்கையோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும், உயிரற்றதாகவே தோன்றும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டப்படும் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் குவிய நீளத்தைக் கூட்டித் தருவதோடு உள்ளே வரும் ஒளியைப் பாதியாக்கிவிடுவதால், மங்கலான தோட்டங்களில் அதனால் ஆதாயத்தைவிட இழப்பே மிகுதி.

ஒளியைப் பற்றிய அறிவுரைகள் பலவும் குளிர்நாட்டு நூல்களிலிருந்து வந்தவை. இங்கு அவை அப்படியே பொருந்துவதில்லை. பனிக்காலத்தில் லண்டன் போன்ற வடபுல நகரில் உதயத்தின்போது மணிக்கு 7 பாகை அளவே ஏறும் சூரியன், வடக்கு அகலாங்கு 8 பாகைக்குச் சற்று மேலிருக்கும் பாறசாலையில் 13 பாகைக்கு மேல் ஏறிவிடுகிறது. ஆகையால் சாய்ந்து விழும் மென்மையான காலையொளி இங்கு மிகக் குறுகிய நேரமே நீடிக்கிறது. ஜனவரியில் ஆறே முக்கால் மணியளவில் உதிக்கும் சூரியனின் ஒளி எட்டரைக்குள் கடுமையாகிவிடும். அதன்பின் வெயிலால் சூடான தரைக்கும் அதன் மேலுள்ள காற்றுக்கும் இடையே வெப்ப வேறுபாடு தோன்ற, அடுப்புத் தீயின் மேலாகப் பார்க்கும் பொருள் நெளிவதைப்போல, தொலைவிலுள்ள பறவையின் வடிவமும் நெளிகிறது. இந்தக் கானல் அலைவை எந்த விலையுயர்ந்த லென்ஸாலும் திருத்த இயலாது, ஏனெனில் குறை லென்ஸில் இல்லை, இடைப்பட்ட காற்றில் இருக்கிறது.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் கணக்கும் இங்கு அடிக்கடி பிழைபடும். கரும்பச்சை வாழைத்தோப்பின் முன் நிற்கும் வெண்கொக்கை எடுக்கும்போது, கேமரா மொத்தக் காட்சியும் இருண்டது என்று கொண்டு ஒளியைக் கூட்டிவிடுவதால் கொக்கின் இறகு நுணுக்கங்கள் வெறும் வெள்ளையாகக் கரைந்துபோகின்றன. ஒளியளவை ஒரு படி (ஸ்டாப்) குறைத்து வைப்பதே ஏற்றது. மாறாக, வெளிர்வானத்தின் முன் கம்பியில் அமர்ந்த பஞ்சுருட்டானுக்கு ஒரு படி கூட்ட வேண்டும். பறக்கும் தகைவிலானை உறையவைக்க நொடியில் 2000இல் ஒரு பங்கு அளவிலான ஷட்டர் வேகம் தேவைப்பட, சருகில் நின்று நின்று தத்தும் ஆறுமணிக்குருவிக்கு அதைவிட மிகக் குறைந்த வேகமே போதும். லென்ஸை மணல் நிரப்பிய சிறு பையின் மேல் சாய்த்துவைத்து, பறவை அசையாத கணத்துக்குக் காத்திருந்தால், மங்கிய ஒளியிலும் படம் அமையும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்வதால், ஆண்டின் பிற பகுதியில் இருண்டு கிடக்கும் தோட்டத்தரையில் வெளிச்சம் இறங்குகிறது. பால்வெட்டு நின்று ஆள்நடமாட்டம் குறையும் இச்சில வாரங்களே தரைப்பறவைகளுக்குரிய காலம். இதனை அறிந்து பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

நீள லென்ஸின் உண்மையான பயன் பறவையைத் தொந்தரவு செய்யாத தொலைவில் மனிதரை நிறுத்துவதே ஆகும். கோடையின் தொடக்கத்தில் திரும்பவேண்டிய வலசைப் பறவை அதற்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும்; ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அது இரையுண்ணும் நேரத்தையும் பறக்கச் செலவிடும் ஆற்றலையும் ஒருசேர இழக்கிறது. பதிவுசெய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச்செய்து பறவையை வெளியே இழுப்பது இதனினும் தவறான வழி; பொறுமையாகக் காத்திருப்பதே சரியான வழி. தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996), தாமே பொருத்திச் சேர்த்த கருவிகளோடு கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள், கருவியின் விலையைவிடக் காத்திருக்கும் பயிற்சி பெரிதென்பதற்கு இன்றும் போதிய சான்று.

1933இல் பறவையியலாளர் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி நாட்டுப் பறவைகளை ஆராய்ந்தபோது அறிவியல் சான்றாகப் பறவைகளைச் சுட்டுச் சேகரிப்பதே வழக்கம். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் நிழற்படம் நிற்கிறது. 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் உருவாக்கிய கேரளப் பறவை வரைபடத் திட்டமும், 2015 முதல் தமிழ்நாட்டில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இபேர்ட் என்னும் ஒரே தளத்தில்தான் பதிவுகளைச் சேர்த்துள்ளன. ஆகையால் எல்லையின் எந்தப் பக்கத்தில் எடுத்த படமும், நாளும் இடமும் குறிக்கப்பட்டிருந்தால், அங்கு இடம்பெறத் தக்கதே. அத்தகைய படம் அழகாக இருந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை: ஏலாவிலிருந்து எழும்பிப் பறக்கும் உள்ளானின் மங்கலான படத்திலும் இறக்கையின் அடிப்புறம் வெளிறித் தெரிந்தால் அது பொரி உள்ளான் என்றும், கறுத்துத் தெரிந்தால் பச்சை உள்ளான் என்றும் பிரித்தறிந்துவிடலாம்.