மூசி நதியும் பொறியாளர் சங்கமும்

கட்டியவர்கள் – 17

சென்ற வாரம் பெரியாற்றில் பென்னிகுக் என்ற ஒற்றை மனிதரின் பிடிவாதத்தைப் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது ஒரு சங்கத்தை. ஐதராபாத் கைரதாபாத்தில் ‘விஸ்வேஸ்வரய்யா பவன்’ என்றொரு கட்டடம் இருக்கிறது. இந்தியப் பொறியாளர்கள் நிறுவனத்தின் தெலங்கானா மாநில மையம் அங்கேதான் இயங்குகிறது. மைசூர் ராஜ்ஜியத்து மனிதரின் பெயர் ஐதராபாத் கட்டடத்துக்கு ஏன் வந்தது என்பதற்கு ஒரு வெள்ளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1908 செப்டம்பர் 28. மூசி நதி நகருக்குள் புகுந்தது. மேற்கே, ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் விடாத மழை. ஷம்ஷாபாத்தில் 48 மணி நேரத்தில் ஏறத்தாழ 19 அங்குலம். நகருக்கு மேலே இருந்த ஏரிகள் 788. அவற்றில் 221 உடைந்தன. ஏரிப் பாசனத்தோடு வளர்ந்த நமக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். ஓர் ஏரியின் கலங்கு வழிந்துதான் அடுத்த ஏரி நிறைகிறது. மேல் ஏரியின் கரை போனால், அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழ் ஏரியின் கரைமேல் விழும், அதுவும் போகும். இப்படிச் சங்கிலியாக உடைந்து வந்த தண்ணீர்தான் நகரைத் தாக்கியது. இறந்தவர்கள் சுமார் 15,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் மேல் ஏறிக்கொண்டு 150 பேர் பிழைத்தார்கள். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அந்த மரம் இருக்கிறது.

பம்பாய் அரசுப் பணியிலிருந்து அப்போதுதான் விலகி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார் விஸ்வேஸ்வரய்யா. நிஜாம் அரசின் அழைப்பு அங்கேயே அவரை எட்டியது. 1909-இல் ஐதராபாத் வந்தவர் முதலில் கேட்டது மழைக் கணக்குகளையும் ஏரிகளின் விவரங்களையும்தான். 788, 221 என்ற எண்கள் அந்த ஆய்வில் கிடைத்தவை. ஆற்றங்கரையில் சுவரை உயர்த்திவிட்டுத் திரும்பியிருக்கலாம். கேட்டவர்களும் திருப்தி அடைந்திருப்பார்கள். அவர் ஆற்றின் மேற்பகுதிக்குப் போனார். நகருக்கு மேலே மூசியில் ஒன்று, அதன் துணையாறான ஈசியில் ஒன்று என இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டி, வெள்ளம் வரும்போது அங்கேயே பிடித்துவைத்து, ஆறு தாங்கும் அளவுக்கு விட வேண்டும் என்றார். மூசியில் உஸ்மான் சாகர் 1920-இல் முடிந்தது. ஈசியில் ஹிமாயத் சாகர் 1927-இல். இவ்விரண்டும் வெள்ளத்தைத் தடுப்பதற்காக எண்ணப்பட்டவை. குடிநீர் அதனோடு சேர்ந்து கிடைத்த பயன். இந்த வரிசையை வாசகர் மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

அந்தத் தலைமுறையில் உள்ளூரிலேயே ஒரு பெரிய பொறியாளர் உருவானார். நவாப் அலி நவாஸ் ஜங், 1877 ஜூலை 11-இல் பிறந்தவர், இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் படித்தவர். மஞ்சீரா ஆற்றின் மேல் 1923-இல் தொடங்கி 1931-இல் முடிந்த நிஜாம் சாகர் அவர் பெயரைச் சொல்லும். இந்தியா முழுவதும் செப்டம்பர் 15-ஐ, விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்த நாளை, 1968 முதல் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறது. தெலங்கானா தனி மாநிலமான பிறகு ஜூலை 11-ஐயும் பொறியாளர் தினமாக்கிக்கொண்டது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். அழைத்து வந்த அறிஞரையும் சொந்த ஊர் அறிஞரையும் ஒருசேர நினைக்கிற ஊர் அது.

இனி சங்கத்துக்கு வருவோம். இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது நம் சென்னையில், 1920 செப்டம்பர் 13-இல். தொடக்க விழா 1921 பிப்ரவரியில் கல்கத்தாவில் நடந்தது. தலைமையகமும் அங்கேயே அமைந்தது. 1935-இல் அரச சாசனம் கிடைத்தது. அதன் மாநில மையங்களையும் உள்ளூர் மையங்களையும் நடத்துவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழுக்கள். தலைவர், செயலர் பதவிகள் கௌரவப் பதவிகள். ஐதராபாத்துக்கு இதில் கூடுதல் பெருமை ஒன்று உண்டு. பணியில் இருக்கும் பொறியாளர்களுக்கான இந்தியப் பொறியியல் பணியாளர் கல்லூரியை 1981-இல் இந்த நிறுவனம் தொடங்கியது அங்கேதான், கச்சிபௌலியில். இன்று கணினிக் கம்பெனிகளின் பெயரால் அறியப்படும் அதே கச்சிபௌலி.

இப்படிப்பட்ட சங்கத்துக்கு என்ன அதிகாரம்? சட்டப்படி, ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். வக்கீலுக்கு 1961-இன் வழக்கறிஞர் சட்டம் இருக்கிறது. கட்டடக் கலைஞருக்கு 1972-இன் சட்டம் இருக்கிறது. மருத்துவர் பதிவு இல்லாமல் ஊசி போட முடியாது. பாலம் கட்டுகிற, அணை கட்டுகிற பொறியாளருக்கு நாடு முழுவதற்குமான அப்படியொரு பதிவுச் சட்டம் இதுவரை நிறைவேறவில்லை. மசோதா வரைவுகள் வந்தன, நின்றன. ஆகவே சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். தப்புச் செய்த பொறியாளரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம். தொழிலிலிருந்து நீக்க முடியாது.

ஆனாலும் பல பத்தாண்டுகள் இந்த நிறுவனத்தின் கையில் ஒரு பெரிய சாவி இருந்தது. ஏ.எம்.ஐ.இ. தேர்வு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, வீட்டு நிலைமையால் பதினெட்டு, இருபது வயதில் வேலைக்குப் போனவர்களுக்கு அந்த நான்கு எழுத்து என்னவாக இருந்தது என்று திருச்சி பெல் குடியிருப்பிலோ நெய்வேலியிலோ பெரம்பூரிலோ வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐதராபாத்தின் ராமச்சந்திராபுரத்திலும் பாலாநகரிலும் அதே கதைதான். ஷிப்டு முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கியபின் புத்தகத்தை விரிப்பார்கள். வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. ‘ஏ’ பிரிவு, பிறகு ‘பி’ பிரிவு. ஒவ்வொரு பாடமாகத் தேறித் தேறி முடிக்கப் பலருக்குப் பல ஆண்டுகள் ஆயின. முடித்தவருக்கு அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பி.இ.க்குச் சமமான தகுதி. உள்ளூர் மையத்து நூலகமும், மாலையில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த பொறியாளர்களும்தான் அவர்களுடைய கல்லூரி.

2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களோடு அந்தச் சமத் தகுதி நின்றது. அதற்குள் தெருவுக்குத் தெரு பொறியியல் கல்லூரிகள் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் வேலையை விட முடியாதவனுக்கு, பகலில் நடக்கும் கல்லூரி பக்கத்துத் தெருவில் இருந்தும் பயனில்லை. தேர்வில் குறை இருந்திருந்தால் அதைத் திருத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். உழைத்துக்கொண்டே மேலே வந்த ஒரு வகைப் பொறியாளரை நாம் இழந்துகொண்டிருக்கிறோம். தொழிற்சாலைத் தளத்தில் அந்த இழப்பு தெரியும்.

சாவி போய்விட்டது. மீதி இருப்பது அறிவும் குரலும். ஐதராபாத்தைப் பொறுத்தவரை அந்தக் குரல் மூசிக்காக ஒலிக்க வேண்டும் என்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1996 மார்ச்சில் அன்றைய ஆந்திர அரசு, அரசாணை 111-ஐப் பிறப்பித்தது. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள், 84 கிராமங்களில், மாசு உண்டாக்கும் ஆலைகளுக்கும் பெரிய குடியிருப்புகளுக்கும் தடை. 2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு இன்னோர் ஆணையால் அந்தக் கட்டுப்பாடுகளை விலக்க முற்பட்டது. சொல்லப்பட்ட காரணம்: நகரத்துக்கு இப்போது கிருஷ்ணாவிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் தண்ணீர் வருகிறது, குடிநீருக்கு இந்த ஏரிகளை நம்பியிருக்க வேண்டியதில்லை.

குடிநீரை மட்டும் பார்த்தால் வாதம் சரி. ஆனால் இவை வெள்ளத்துக்காகக் கட்டப்பட்டவை அல்லவா? மேலே மண் தரை இருந்த இடத்தில் கான்கிரீட் வந்தால் மழைநீர் உறிஞ்சப்படாமல் வேகமாக ஓடிவரும். அணைக்குள் வரும் வெள்ளத்தின் உச்சமும் அது வரும் நேரமும் மாறும். வரத்துக் கால்வாய்களை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும். 2020 அக்டோபரில் ஐதராபாத் இதன் ஒரு பகுதியைக் கண்டது. அந்த மழையில் நகருக்குள்ளேயே ஏரிக்கரைகள் உடைந்து, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து உயிர்கள் போயின. 1908-இல் நடந்தது போலவே, ஏரி உடைந்த வெள்ளம்.

இதை அரசியல்வாதி சொன்னால் கட்சி பார்ப்பார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர் சொன்னால் வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள். பணியில் இருக்கும் அரசுப் பொறியாளர் வாயைத் திறக்க முடியாது. ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்களும் பேராசிரியர்களும் இளைஞர்களும் ஒரே மேஜையில் உட்காரக்கூடிய சங்கம் சொல்லலாம். அந்த 788 ஏரிகளில் இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை கலங்குகள் வேலை செய்கின்றன, இன்றைய நிலப்பரப்பில் அதே 19 அங்குல மழை பெய்தால் மூசிப் பாலங்களுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டு, தெலுங்கிலும் உருதுவிலும் அச்சிட்டு, அப்சல்கஞ்ச் கடைக்காரர் கையில் கொடுக்கலாம். கட்டடத்துக்கு வைத்திருக்கும் பெயருக்கு உரியவர் 1909-இல் செய்த வேலையும் அதுதான். அடுத்த செப்டம்பர் 15-இல் மாலை போடுவதற்கு முன்பே அந்தக் கணக்கைத் தொடங்கிவிடலாம்.

அடுத்த வாரம்: ஒரு கரையில் சென்னை மாகாணமும் மறு கரையில் ஐதராபாத் சமஸ்தானமும் நின்று கட்டிய துங்கபத்ரா அணை.

(தொடரும்)