தமனியை நம்பி வாழும் பித்தநாளம்

1963-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் உலகிலேயே முதன்முதலாக ஒரு மனிதருக்குக் கல்லீரலை மாற்றிப் பொருத்தினார். பித்தநாளங்கள் அடைபட்டிருந்த 3 வயதுச் சிறுவன். ரத்தப்போக்கு நிற்காமல் அறுவை மேசையிலேயே இறந்துபோனான். 1967-இலிருந்து நோயாளிகள் பிழைக்கத் தொடங்கினார்கள். பிழைத்தவர்களைப் பித்தநாளம் விடவில்லை. தைத்த இடம் கசிந்தது. கசியாத நாளமும் மெல்லச் சுருங்கியது. பித்தம் தேங்கிச் சீழ் வைத்தது. பொருத்திய கல்லீரல் நன்றாக இருக்கும்போதே பலர் இப்படி மாண்டார்கள்.

பித்தநாளத்தை அன்று வெறும் தண்ணீர்க் குழாயாகப் பார்த்ததே கோளாறு. நாளத்தை ஒட்டிய திசுவைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டுத் தைப்பார்கள். அந்தத் திசுவில்தான் நாளத்தின் உயிர் இருந்தது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கைக் குடலிலிருந்து போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. தமனி தருவது கால் பங்குதான். தமனி அடைத்தாலும் கல்லீரல் செல்கள் சிரை ரத்தத்தில் ஓரளவு சமாளிக்கும். பித்தநாளத்துக்குத் தமனியை விட்டால் கதியில்லை. 1979-இல் நார்த்தோவர், டெர்பிளாஞ்ச் என்ற ஆய்வாளர்கள் நாளத்துக்கு ரத்தம் தரும் நுண்தமனிகளின் பாதையைக் காட்டினார்கள்: நாளத்தின் இரு பக்கங்களிலும் ஓடுகின்றன, சுமார் 60 சதவீத ரத்தம் கீழிருந்து, 38 சதவீதம் மேலிருந்து. கொடையாளியின் உடலிலிருந்து கல்லீரலை வெட்டி எடுக்கும்போதே கீழ்வழி அறுந்துவிடுகிறது. அதனால்தான் இன்று கொடையாளியின் நாளத்தைக் குட்டையாக நறுக்குகிறார்கள். சுற்றியுள்ள திசுவைத் தொடுவதில்லை.

இன்று தெரிந்திருக்கும் இன்னொன்று எனக்குப் பெரிய வியப்பு. கொடைக் கல்லீரல்கள் பெரும்பாலானவற்றில், பொருத்துவதற்கு முன்பே பித்தநாளத்தின் உள்தோல் உரிந்துபோயிருக்கிறது. ஆனாலும் பெரும்பாலோருக்கு நாளம் சுருங்குவதில்லை. நாளச் சுவரின் ஆழத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றின் செல்கள் பெருகி மேலேறி வந்து உள்தோலைப் புதிதாக உண்டாக்குகின்றன. சுரப்பிகளும் அவற்றைச் சூழ்ந்த நுண் ரத்தக்குழல்களும் சிதைந்தால்தான் ஆபத்து.

ஆகவே முயற்சிகள் இப்போது அந்த ஆழத்தைக் காப்பதை நோக்கித் திரும்பியிருக்கின்றன. இதயம் நின்றபின் எடுக்கப்பட்ட கல்லீரல்களுக்குள், பொருத்துமுன் ஆக்சிஜன் கலந்த குளிர்ந்த திரவத்தைத் தமனி, சிரை இரண்டின் வழியாகவும் இயந்திரத்தால் செலுத்திப் பார்த்தார்கள். நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்தி, 2021-இல் வெளியான அந்த ஆய்வில் நாளச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பித்தப்பைச் செல்களை வளர்த்து, பொருத்த ஏற்காமல் ஒதுக்கிய மனிதக் கல்லீரல்களில் செலுத்தினார்கள். பழுதுற்ற நாளங்களை அவை செப்பனிட்டன. நோயாளிக்கு அது வந்துசேரக் காலம் பிடிக்கும்.

கல்லீரல் மாற்று நடந்த வீட்டாருக்கு ஒரு வார்த்தை. முதல் சில நாள்களில் டாப்ளர் ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுத்தால் வீண் செலவென்று நினைக்காதீர்கள். தமனியில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். ரத்தம் உறைந்திருப்பதை உடனே கண்டால் திறந்துவிட வழியுண்டு. தாமதமானால் பித்தநாளம் அழுகி, இன்னொரு கல்லீரலைத் தேட வேண்டிவரும்.