பாவித்த சிஆர்-இசட்: விலைக்குப் பிறகு வரும் கணக்கு

ஹொண்டா சிஆர்-இசட் காரை ஒருமுறை கண்டவர் மறக்க மாட்டார். மூக்கு நிலத்தை முகர்வதுபோலத் தாழ்ந்திருக்கும். பின்பக்கம் கத்தியால் சீவிவிட்டதுபோலச் சட்டென்று முடியும். கதவு இரண்டுதான். ஓமந்தைக்கும் ஆனையிறவுக்கும் இடையில் டிப்பர்களையும் தட்டி வைத்த லொறிகளையும் விலத்திக்கொண்டு அது போனால், சந்தியில் நிற்கிற பெடியள் எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். என் அக்காவின் மகனும் அப்படித் திரும்பியவன்தான். கிளிநொச்சியில் ஒருவர் தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும், "மாமா, நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

2010 பெப்ரவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த கார் இது. அந்த ஆண்டே அங்கு ஆண்டின் சிறந்த கார் என்ற விருதையும் வாங்கியது. 1500 சிசி பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். ஆனாலும் ஆறு கியர் கொண்ட கைக்கியர் பெட்டியோடும் கிடைத்தது. ஹைபிரிட்டில் கைக்கியர் என்பது மிக அபூர்வம். ஓட்டுகிற சுகத்தை விட்டுக்கொடுக்காமல் எண்ணெயை மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் அதைச் செய்தவர்களின் எண்ணம். இலங்கையில் அப்போது ஹைபிரிட் வாகனங்களுக்கு வரிச் சலுகை இருந்தது. சாதாரண விளையாட்டுக் கார் ஒன்றை இறக்க ஆகும் வரியை நினைத்தே பார்க்க முடியாதவர்களுக்கும் இது எட்டியது. கொழும்பில் முதல் சொந்தக்காரர், குருநாகலிலோ கண்டியிலோ இரண்டாமவர் என்று கைமாறி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வன்னிக்கு வந்து சேர்கிறது. 2017 தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. பாவித்த கார்களின் இறக்குமதிக்கு வயதெல்லை இருப்பதால் இனிப் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. நாட்டுக்குள் இருப்பவைதான் சுற்றிச் சுற்றி விலைக்கு வரும்.

இதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எங்கே காசு போகும் என்பதும் விளங்கும். பிரியஸ் போன்ற காரில் மின் மோட்டார் தனியாகவே சில்லைச் சுழற்றும். சிஆர்-இசட்டில் அப்படியில்லை. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில், வட்டத் தட்டுப் போல மெல்லிய மோட்டார் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. மிதிக்கும்போது அது எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும். பிறேக் போடும்போது அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, வீணாகப் போகும் வேகத்தை மின்சாரமாக்கிப் பின்பக்கத்தில், சாமான் வைக்கும் தட்டின் அடியில் இருக்கும் பற்றரிக்கு அனுப்பும். ஆரம்பகாலக் கார்களில் அது நிக்கல் பற்றரி. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் தரும் 84 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, மொத்தம் 100.8 வோல்ட். 2012இல் வந்த திருத்திய மாதிரிக்கு லித்தியம் பற்றரி.

கோத்த மாலை என்பதுதான் இங்கே விஷயம். 84 செல்லில் ஒன்று சோர்ந்தாலும் முழு மாலையும் அதன் பலத்துக்கு இறங்கிவிடும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றார் சொந்தக்காரர். நல்ல யோசனைதான். பழைய கார் ஒன்றைச் சந்தியைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. எஞ்சினும் பற்றரியும் நன்றாகச் சூடேற வேண்டும். மருமகன் ‘ஸ்போர்ட்’ பொத்தானை அமத்தினான். மீற்றரைச் சுற்றியிருந்த நீல வளையம் சிவப்பானது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோசமாக இருந்தது. முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் சரை ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினோம். பகல் இரண்டு மணி வெயில். பாதி வழியில், முக்கால் பங்கு நிறைந்திருந்த பற்றரிக் கட்டைகள் கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றாக விழுந்தன. கார் இழுக்க மனமில்லாததுபோலச் சோர்ந்தது.

"அது அப்பிடித்தான் தம்பி, கொஞ்ச நேரத்தில ஏறிடும்" என்றார் சொந்தக்காரர்.

ஏறியதும் உண்மை. ஆனால் சோர்ந்த செல்லின் அடையாளமே அதுதான். காரின் கணினி, பற்றரியில் இவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஏதோ ஒரு செல்லின் வோல்ட் திடீரென்று விழுந்ததும் கணக்குப் பிழை என்று கண்டு, கட்டையை இறக்கிவிட்டு, எஞ்சினைக் கொண்டு அவசரமாகச் சார்ஜ் பண்ணுகிறது. அந்த நேரம் எண்ணெய்ச் செலவும் கூடும்.

வீட்டுக்கு வந்து பின் தட்டைத் தூக்கிப் பார்த்தோம். பற்றரியைக் குளிர்விக்கும் சிறு காற்றாடி, காரின் உள்ளறைக் காற்றையே இழுத்துப் பற்றரிக்குள் விடுகிறது. அதன் இதழ்களில் விரலை வைத்துத் தேய்த்தேன். செங்கல் பொடி அப்பியதுபோல விரல் சிவந்தது. கிரவல் வீதியில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிய காரின் புழுதி முழுவதும் அங்கேதான் போய்ப் படிந்திருக்கிறது. காற்று குறைந்தால் பற்றரி சூடாகும். சூடு செல்லின் ஆயுளைத் தின்னும். ஜப்பானின் குளிரில் பத்துப் பதினைந்து ஆண்டு தாங்கக்கூடிய பற்றரி, எங்கள் சித்திரை வெயிலிலும் புழுதியிலும் அவ்வளவு காலம் தாங்கும் என்று நம்பக்கூடாது. அந்தக் காற்றாடியை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைப்பதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. விற்கிறவரிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: காற்றாடியைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்? கேள்வியே புதிதாக இருக்கிறது என்ற முகம் தெரிந்தால், பற்றரி மாற்றும் செலவை விலையில் இருந்து கழித்துப் பேசுங்கள்.

"செல் மாத்தியாச்சு" என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். கெட்ட செல்லை மட்டும் எடுத்துவிட்டு, வேறொரு பழைய பற்றரியில் கழற்றியதைப் போட்டு விற்பது நாடு முழுவதும் நடக்கிறது. பலம் ஒத்துப்போகாத செல்கள் மாலைக்குள் ஒன்றையொன்று இழுத்து, சில மாதத்தில் அடுத்தது விழும். இன்னுமொன்று: அந்தச் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தெரியாத கை தொடக்கூடாது. நூறு வோல்ட் நேர்மின்னோட்டம் உயிரை எடுக்கப் போதும். பிரதான சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் சில நிமிடம் மின்சாரம் தங்கியிருக்கும்.

எங்கள் ஊர் மெக்கானிக்குகளின் திறமையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, கொஞ்சம் பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓஸ்ரின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட வைத்த கைகள் அவை. அது நடந்ததற்குக் காரணம் அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்குக் கிட்ட இருந்ததுதான். மட்டமான எண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. கார்பரேற்றரைக் கண்ணால் பார்த்துத் திருத்தலாம். சிஆர்-இசட்டின் அமுக்க விகிதம் பத்துக்கு மேல். எண்ணெயைத் தெளிப்பதும், பொறி கொடுப்பதும், மோட்டாரைச் சேர்ப்பதும் கணினி. அதன் மொழி தெரிந்த ஸ்கானர் கருவியும், ஹைபிரிட் பழகிய ஆளும் தேவை. வவுனியாவில் ஓரளவு சமாளிக்கலாம். மற்றபடி உதிரிப்பாகம் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். கிளிநொச்சியில் இருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். ஆயிரம் ரூபா சாமானுக்கு ஒரு நாளும், போய்வரும் செலவும் கூடச் சேரும். சாமான் வரும் வரை கார் மாமரத்தின் கீழ் நிற்கும். லீசிங் தவணை நிற்காது.

கைக்கியர் இல்லாமல், தானாக மாறும் சிவிரி (CVT) கியர்ப் பெட்டி உள்ள கார் என்றால், அதற்கென்றே ஹொண்டா சொல்லும் எண்ணெய் ஒன்று உண்டு. விலை குறைவு என்று வேறு கியர் எண்ணெயை யாராவது ஊற்றியிருந்தால், உள்ளே இருக்கும் உருக்குப் பட்டி வழுக்கித் தேயும். கைக்கியரில் கிளச் தட்டுத் தேய்ந்திருக்கும். நாலாம் கியரில் மெதுவாகப் போகும்போது அழுத்தி மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் முடிந்துவிட்டது.

வீதியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஏ9 காப்பெற் வீதி. பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் ஏ35உம் ஓடலாம். ஆனால் யாருடைய வீடும் ஏ9இன் நடுவில் இல்லை. கடைசி ஒரு மைல் கிரவலும் மாரியில் வெட்டுண்ட ஒழுங்கையும்தான். தாழ்ந்த முன் பம்பர் உரசும். சொக் அப்சோபர் கசியும். அச்சின் ரப்பர் உறை கிழிந்து மண் புகும். இரவில் கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்திருக்கும். பதிந்த காரின் விளக்கு வெளிச்சத்தில் கறுத்த மாடு தெரியும்போது பிறேக் பிடிக்க இடம் இருக்காது. சட்டப்படி ஊர்மனைக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. வடக்கில் அதிவேகப் பாதையும் இல்லை.

வெள்ளம் இன்னும் பெரிய ஆபத்து. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பற்றரி தாழ்வாக இருக்கும் இந்தக் கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் வாங்கவே வேண்டாம். கண்டுபிடிக்க ஒரு வழி: இருக்கைப் பட்டியைச் சுருள் முடியும் வரை இழுங்கள். வெள்ளம் கண்ட பட்டியில் சேற்றுக் கோடு தெரியும். கழுவிய கார்களிலும் அந்தக் கோடு போவதில்லை.

காற்றுப் பையைப் பற்றி இங்கே யாரும் கேட்பதே இல்லை. அதுதான் எனக்குப் பயம். தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப் பைகளில் அமோனியம் நைத்திரேற்றே பையை ஊதவைக்கும் வெடிமருந்து. ஆண்டுக்கணக்கான சூட்டிலும் ஈரப்பதத்திலும் அது பழுதாகி, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளை ஓட்டுநர் மேல் வீசிப் பலரைக் கொன்றது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வாகனங்கள் மீள அழைக்கப்பட்டன. 2017இல் நிறுவனமே முறிந்துபோனது. சிஆர்-இசட்டும் அமெரிக்காவில் அந்தப் பட்டியலில் இருந்தது. சூடும் ஈரமும் கூடிய எங்கள் ஊரில் இது சும்மா விடுகிற விஷயமல்ல. செசி இலக்கத்தைக் கொண்டு அந்தக் காருக்கு மீள்அழைப்பு உண்டா, பை மாற்றப்பட்டதா என்று விசாரித்த பிறகே கைகொடுக்க வேண்டும்.

செசி இலக்கத்தால் இன்னொரு பயனும் உண்டு. ஜப்பானில் ஏலம் போனபோது எழுதிய தாளை, வாகனக்காரர் சொல்லும் ‘ஒக்‌ஷன் சீற்’றை, அதைக்கொண்டு தேடி எடுக்கலாம். அப்போது ஓடிய கிலோமீற்றர் அதில் இருக்கும். மீற்றரில் இப்போது அதைவிடக் குறைவாக இருந்தால் பேச்சே தேவையில்லை. ‘ஆர்’ என்று தரம் இட்டிருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். ரயரின் பக்கத்தில் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள்: 0919 என்றால் 2019இன் ஒன்பதாம் கிழமை செய்தது. பூப் போகாவிட்டாலும் பழைய ரயர் வெயிலில் வெடிக்கும்.

பத்திரத்தில், வாகனப் பதிவுச் சான்றிதழான சிஆர் புத்தகம் முதலாவது. லீசிங் நிறுவனத்தின் பெயர் அதில் நிற்கிறதா என்று பாருங்கள். ‘ஓப்பின் பேப்பர்’ என்று மூன்று கை மாறியும் முதல் ஆளின் பெயரிலேயே நிற்கும் காரை வாங்கினால், நாளைக்கு ஒரு விபத்தென்றால் பொலிசும் காப்புறுதியும் தேடுவது உங்களை அல்ல. நீங்களும் எதையும் கோர முடியாது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பழைய கார் விலை ஏறியது. 2025 தொடக்கத்தில் மறுபடி திறந்துவிட்டது. அந்த ஏற்றத்தில் வாங்கியவர் தான் கொடுத்த விலையையே கேட்பார். அதை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. பின்னால் இரண்டு சின்ன இருக்கை மட்டும் உள்ள காரை வன்னியில் வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. விற்க நினைத்தால் நீங்களும் மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள். எண்ணெய் மட்டும் இதன் நல்ல பக்கம். 2022 யூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகி, பிறகு பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபோது, லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடுகிற காருக்கு ஒரு கிழமைக்கு 300 கிலோமீற்றர் கிடைத்தது. பற்றரி சுகமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு.

என் கணிப்பில், காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கும் நாளிலேயே தனியாக வைக்க முடியாதவர் இதை வாங்கக்கூடாது. மருமகனிடம் அப்படியே சொன்னேன். அவன் கொப்பியில் பற்றரி, நாலு ரயர், கிளச், காப்புறுதி, கொழும்புக்கு இரண்டு பயணம் என்று எழுதிக் கூட்டிப் பார்த்தான். கச்சான் சரை இன்னும் பாதி மடியில் இருந்தது. பிறகு சொந்தக்காரருக்குப் போன் எடுத்து, "அண்ணை, பற்றரியை ஸ்கான் பண்ணி ஒவ்வொரு செல் தொகுதியின்ர வோல்டையும் காட்டுவீங்களே? அதுக்குப் பிறகு விலையைப் பேசுவம்" என்றான். வெள்ளிக்கிழமை வவுனியாவுக்குக் காரைக் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார். நானும் போகிறேன், காற்றாடியைத் துடைக்க ஒரு பழைய பிரஷை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்.