ஆரஞ்சுப் பழத்தின் ஒட்டுவில்லை சொல்லும் உலகக் கதை

பேரங்காடியில் ஆரஞ்சுப் பழம் வாங்கும்போது அதன் மேல் இருக்கும் சிறிய ஒட்டுவில்லையைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? தோலை உரிப்பதற்கு முன் அதைக் கிள்ளி எறிந்துவிடுவதுதான் நம்மில் பலரின் வழக்கம். அடுத்த முறை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். பிப்ரவரி மாதமென்றால் அதில் எகிப்து என்றோ அமெரிக்கா என்றோ எழுதியிருக்கக்கூடும். ஆகஸ்ட் மாதமென்றால் ஆஸ்திரேலியா அல்லது தென்னாப்பிரிக்காவின் பெயர் இருக்கக்கூடும். கடையில் தட்டு அதேதான், பழமும் பார்வைக்கு அதேதான். ஆனால் அது புறப்பட்ட கண்டம் மாறியிருக்கும்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் பருவநிலை, நாணய மதிப்பு, பூச்சிகள், சட்டங்கள், கடற்பாதைகள் எனப் பல காரணங்கள் இருக்கின்றன. புவியியலும் பொருளியலும் படிக்கும் மாணவர்களுக்கு ஆரஞ்சு ஒரு நல்ல பாடநூல். அதில் அடிக்கடி வரும் பாடம் ஒன்று உண்டு: ஒரே பயிரையோ, ஒரே வாடிக்கையாளரையோ, ஒரே பாதையையோ நம்பியிருப்பவர் என்றாவது ஒரு நாள் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

பெயரிலேயே ஒரு பயணம்

ஆரஞ்சு என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது. அந்த ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு, பாரசீகம் எனப் பின்னோக்கிச் சென்று ‘நாரங்க’ என்ற சமஸ்கிருதச் சொல்லில் வந்து நிற்கிறோம். அதுவும் ஒரு திராவிட மொழியிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் வீட்டு ஊறுகாய் நாரத்தையும் ஆரஞ்சும் பெயரளவில் உறவுக்காரர்கள்!

இனிப்பு ஆரஞ்சை அரபு மொழியில் ‘புர்துகால்’ என்கிறார்கள். போர்ச்சுகீசியர்களின் வழியாக அது பரவியதால் வந்த பெயர் அது. டச்சு மொழியிலோ அதற்குச் ‘சீன ஆப்பிள்’ என்ற பொருளில் பெயர் உண்டு. யார் கையிலிருந்து வாங்கினார்களோ அவர்களின் பெயரையே பழத்துக்கு வைத்துவிட்டார்கள். அன்றைய ஒட்டுவில்லை அது.

அதிகம் விளையும் நாட்டின் பழம் எங்கே?

உலகில் ஆண்டுதோறும் விளையும் ஆரஞ்சு ஏறத்தாழ 45 மில்லியன் முதல் 50 மில்லியன் டன் வரை. இதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பிரேசில் நாட்டில் விளைகிறது. ஆனால் பிரேசில் என்று எழுதிய ஆரஞ்சை நம் கடைகளில் பார்ப்பது அரிது. ஏன்?

பிரேசில் பழத்தை விற்பதைவிடச் சாற்றைத்தான் பெருமளவில் விற்கிறது. சாவ் பாவ்லோ மாநிலத்திலும் அதன் அண்டை மாநிலமான மினாஸ் ஜெராய்சிலும் விரிந்து கிடக்கும் தோட்டங்களின் பழங்கள் பெரும்பாலும் நேராக ஆலைகளுக்குச் செல்கின்றன. அங்கே பிழிந்த சாற்றிலிருந்து நீரை ஆவியாக்கி அகற்றினால் எடை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும். அந்த அடர்சாற்றைக் குளிரூட்டி, சாந்தோஸ் துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கப்பல்களைப் போன்ற தொட்டிக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் நீர் சேர்த்துப் பெட்டியில் அடைக்கிறார்கள். நீரைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை என்பதால் கப்பல் கட்டணம் மிச்சம். முழுப் பழம் சில வாரங்களே தாங்கும். உறைந்த அடர்சாற்றை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம்.

உலகில் நாடுகளுக்கிடையே விற்பனையாகும் ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பிரேசிலுடையது. இந்தத் தொழில்நுட்பம் உருவானது பிரேசிலில் அன்று, 1940களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில். 1962 டிசம்பரில் அங்கே கடும் உறைபனி விழுந்து லட்சக்கணக்கான மரங்கள் கருகின. அந்த ஆண்டு ஏற்பட்ட தட்டுப்பாடுதான் பிரேசிலுக்குக் கதவைத் திறந்துவிட்டது. 1963லேயே பிரேசில் அடர்சாற்றை ஏற்றுமதி செய்யத் தொடங்கிவிட்டது. ஒருவரின் இழப்பு இன்னொருவரின் வாய்ப்பாக மாறுவது வர்த்தகத்தில் புதிதல்ல.

பழம் விற்கும் மூவர்

முழுப் பழமாக அதிகம் ஏற்றுமதி செய்பவர்களில் முன்னணியில் நிற்பவர்கள் ஸ்பெயின், எகிப்து, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகள்.

ஸ்பெயினின் பலம் அதன் இருப்பிடம். வேலன்சியா பகுதியில் பறித்த பழம் லாரியில் ஏறினால் சில நாள்களில் ஜெர்மனியின் கடைகளில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்க வரியும் கிடையாது.

எகிப்தின் பலம் விலை. 2016 நவம்பரில் எகிப்து தன் நாணயத்தின் மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டபோது அதன் மதிப்பு ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. எகிப்து மக்களுக்கு இறக்குமதிப் பொருள்கள் எட்டாக்கனியாயின. வெளிநாட்டவருக்கோ எகிப்து ஆரஞ்சு மலிவானது. நைல் ஆற்றின் கழிமுகத்திலும், சொட்டுநீர்ப் பாசனத்தால் விளைநிலமாக்கப்பட்ட பாலைவனப் பகுதிகளிலும் தோட்டங்கள் பெருகின. சில ஆண்டுகளில் எகிப்து அளவில் ஸ்பெயினையே முந்தியது.

இதற்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரு கிலோ ஆரஞ்சு விளைய உலகச் சராசரியாக 560 லிட்டர் நீர் தேவை என்பது கணக்கு. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள எகிப்து, ஒவ்வொரு பெட்டி ஆரஞ்சோடும் நைலின் நீரையும் சேர்த்தே அனுப்புகிறது.

தென்னாப்பிரிக்காவின் பலம் நாள்காட்டி. வடகோளத்தில் ஆரஞ்சுப் பருவம் நவம்பர் வாக்கில் தொடங்கி மே, ஜூன் வரை நீடிக்கும். அங்கே தோட்டங்கள் காலியாகும் நேரத்தில்தான் தென்கோளத்தில் அறுவடை சூடுபிடிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் உலகச் சந்தையின் இடைவெளியை நிரப்புகின்றன. நம் ஒட்டுவில்லை பிப்ரவரிக்கும் ஆகஸ்ட்டுக்கும் இடையே மாறுவதன் ரகசியம் இதுதான்.

ஒரே வாடிக்கையாளர்

சீனாவும் இந்தியாவும் பெருமளவில் ஆரஞ்சு வகைப் பழங்களை விளைவிக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்றுத் தீர்ந்துவிடுகிறது. சீனப் புத்தாண்டுக்கு இரண்டிரண்டாகப் பரிமாறப்படும் பழங்கள் சீனாவிலிருந்து நமக்கு வருவது தெரிந்ததே. அவை எளிதில் தோலுரியும் மாண்டரின் வகை. வர்த்தகக் கணக்கில் அதற்குத் தனி வரிசை.

இந்தியாவின் புகழ்பெற்ற நாக்பூர் ஆரஞ்சும் மாண்டரின் வகைதான். மகாராஷ்டிராவின் விதர்பா பகுதி விவசாயிகளுக்கு வெளிநாட்டுச் சந்தை என்றால் முதன்மையாகப் பங்ளாதேஷ்தான். பங்ளாதேஷ் தன் இறக்குமதி வரியைப் படிப்படியாக உயர்த்தி, 2023ல் அது மிகக் கடுமையான அளவை எட்டியபோது ஏற்றுமதி சரிந்தது. எல்லை தாண்ட வேண்டிய பழங்கள் உள்ளூர்ச் சந்தையில் குவிந்தன, விலை விழுந்தது. விவசாயிகள் தங்கள் வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. அவர்களுக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை என்பதே குறை.

ஒரு பூச்சி கவிழ்த்த சாம்ராஜ்யம்

ஆரஞ்சு என்றாலே ஃபுளோரிடா என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அம்மாநிலத்தின் வாகனப் பதிவுத் தகட்டில்கூட ஆரஞ்சுப் படம் இருக்கும். 2003-04 பருவத்தில் அங்கே 242 மில்லியன் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. ஒரு பெட்டி என்பது சுமார் 41 கிலோ. 2024-25 பருவத்தில் கிடைத்ததோ ஏறத்தாழ 12 மில்லியன் பெட்டிகள் மட்டுமே. இருபது ஆண்டுகளில் 95 விழுக்காடு வீழ்ச்சி!

சூறாவளிகள், வீட்டுமனைகளாக மாறிய தோட்டங்கள் எனக் காரணங்கள் பல. ஆனால் முதல் குற்றவாளி ‘ஹுவாங்லோங்பிங்’ என்ற நோய். சீன மொழியில் ‘மஞ்சள் டிராகன் நோய்’ என்று பொருள். அரிசி மணியைவிடச் சிறிய ஒரு பூச்சி இலைச்சாற்றை உறிஞ்சும்போது இந்த நோய்க்கிருமியை மரத்துக்குள் செலுத்துகிறது. கிருமி மரத்தின் உணவுக் குழாய்களை அடைக்கிறது. பழம் சிறுத்து, கோணலாகி, பழுக்கும் முன்பே உதிர்கிறது. நோயுற்ற மரத்தை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை.

ஃபுளோரிடாவில் இந்நோய் 2005ல் கண்டறியப்பட்டது. 2025 தொடக்கத்தில் அம்மாநிலத்தின் பெரிய தோட்ட நிறுவனங்களில் ஒன்று ஆரஞ்சுச் சாகுபடியிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக இதே தொழிலைச் செய்துவந்த குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு வெளியேறின.

அந்த இடத்தைப் பிடித்த பிரேசிலுக்கும் நிம்மதி இல்லை. அங்கே நோய் 2004லேயே நுழைந்துவிட்டது. 2024ல் எடுத்த ஆய்வின்படி, முக்கிய ஆரஞ்சு வட்டாரத்தின் மரங்களில் 44 விழுக்காடு பாதிக்கப்பட்டிருந்தன. வறட்சியும் வெப்பமும் சேர்ந்துகொள்ள, 2024-25 பருவத்தின் விளைச்சல் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத அளவுக்குக் குறைந்தது.

விளைவு, நியூயார்க் சந்தையில் தெரிந்தது. 2020 தொடக்கத்தில் ஒரு பவுண்டு அடர்சாறு ஏறத்தாழ 1 அமெரிக்க டாலர். 2024 இறுதியில் அது 5 டாலரைத் தாண்டியது. விலை ஏறியதும் வாங்குவோர் குறைந்தனர். சில நிறுவனங்கள் வேறு பழச்சாறுகளைக் கலக்கத் தொடங்கின. 2025ன் முதல் சில மாதங்களுக்குள் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. 2025 ஜூலையில் பிரேசில் பொருள்கள் பலவற்றின் மீது மொத்தம் 50 விழுக்காட்டு வரி விதிப்பதாக அறிவித்த அமெரிக்கா, ஆரஞ்சுச் சாற்றுக்குக் கூடுதல் வரியிலிருந்து விலக்களித்தது. தன் தோட்டங்களை இழந்த நாட்டுக்கு அந்தச் சாறு இல்லாமல் முடியாது என்பதே அதன் பொருள்.

குளிர்ப்பெட்டியில் ஒரு வழக்கு

பூச்சிகள் மரத்தை மட்டுமல்ல, உறவுகளையும் அரிக்கும். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சுகள் பெருமளவில் ஐரோப்பாவுக்குச் செல்கின்றன. ஆப்பிரிக்காவில் காணப்படும் ஒரு வகை அந்துப்பூச்சி பழத்தோடு வந்துவிடுமோ என்ற அச்சத்தில், 2022ல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய விதி கொண்டுவந்தது. பழங்களைக் குறிப்பிட்ட நாள்களுக்குக் கடும் குளிரில் வைத்த பின்பே அனுப்ப வேண்டும் என்றது.

விதி நடப்புக்கு வந்தபோது பல கொள்கலன்கள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தன. அவை ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கி நின்றன. தங்கள் பாதுகாப்பு முறைகளே போதும், இந்த விதிக்கு அறிவியல் அடிப்படை இல்லை, ஸ்பெயின் விவசாயிகளைக் காப்பாற்றவே இது வந்தது என்று தென்னாப்பிரிக்கா வாதிட்டது. தங்கள் தோட்டங்களைக் காக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பது ஐரோப்பாவின் பதில். வழக்கு உலக வர்த்தக நிறுவனத்துக்குச் சென்றது. கரும்புள்ளி நோய் தொடர்பான விதிகளை எதிர்த்து 2024ல் இரண்டாவது வழக்கும் தொடுக்கப்பட்டது.

ஃபுளோரிடாவின் கதையை அறிந்த பிறகு ஐரோப்பாவின் அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே விதி போட்டியாளரைத் தடுக்கும் சுவராகவும் பயன்படலாம். பாதுகாப்பு எங்கே முடிகிறது, பாரபட்சம் எங்கே தொடங்குகிறது? வகுப்பில் விவாதிக்க ஏற்ற கேள்வி இது.

நம் தட்டுக்கு வரும் வழி

எகிப்து ஆரஞ்சு ஆசியாவுக்கு வரும் குறுக்குவழி செங்கடல். 2023 இறுதியிலிருந்து அங்கே சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாக வர நேர்ந்தது. பயண நாள்களும் கட்டணமும் கூடின. அழுகும் பொருளுக்கு ஒவ்வொரு நாளும் காசு. எகிப்து ஏற்றுமதியாளர்களுக்கு ஆசியச் சந்தை திடீரெனத் தொலைவாகிவிட்டது.

உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர், 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் உணவு வாங்குவது ஏன் என்பதை ஆரஞ்சு எளிதாக விளக்கிவிடுகிறது. ஒரு நாட்டில் நோய், இன்னொரு நாட்டில் வறட்சி, மற்றொரு பாதையில் போர் என்றாலும் தட்டு காலியாவதில்லை. ஒட்டுவில்லை மட்டும் மாறுகிறது.

ஆனால் அந்த வசதி வாங்குபவருக்கே உரியது. நாம் அடுத்த தட்டுக்குக் கை நீட்டிவிடலாம். ஓர் ஆரஞ்சு மரம் நட்டுக் காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். மரத்தை நட்டவர் அத்தனை விரைவாக மாற முடியாது.

இந்த விடுமுறையிலிருந்து ஒரு சிறு முயற்சி செய்து பாருங்கள். மாதம் ஒருமுறை கடைக்குச் சென்று, ஆரஞ்சின் மீதுள்ள நாட்டின் பெயரையும் விலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பன்னிரண்டு மாதம் கழித்து அதை உலக வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். எந்தப் பெயர் எப்போது வந்தது, எது வராமல் போனது, விலை எப்போது ஏறியது என்பதற்கான காரணங்களை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம். புவியியல் பாடத்தின் செயல்திட்டத்துக்கு வேறு தலைப்பு தேட வேண்டியதில்லை.