வேலிக் கற்றாழையும் தீவுக் கற்றாழையும்

புணே நகருக்கு வடகிழக்கே உள்ள லோஹேகாவ் தக்காணப் பீடபூமியைச் சேர்ந்த ஊர். புணே வட்டாரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்து ஓய்ந்துவிடும். எஞ்சிய எட்டு மாதங்களிலும் வாடாது நிற்கும் வேலிச் செடிகளுள் ஒன்று அகேவ். மராத்தியில் இது காயபாத். தமிழ்நாட்டில் ஆனைக் கற்றாழை, இரயில் கற்றாழை. நெடுங்காலமாக நம்மிடையே வளர்வதால் இதனை நாட்டுச் செடியெனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் இப்பேரினம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்கும் கரிபியத் தீவுகளுக்குமே உரியது.

இதனுள் பெயர்க் குழப்பத்துக்கு மிகுதியாக இடந்தந்தது அகேவ் விவிபாரா. லின்னேயஸ் 1753-இல் இப்பெயரை வெளியிட்டார். ‘குட்டி ஈனுவது’ என்பது பொருள். பூத்து முடிந்த தண்டில் பல்பில் எனப்படும் குட்டிச் செடிகள் தோன்றி, கீழே விழுந்து வேரூன்றுகின்றன. ஆனால் இவ்வியல்பு ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று. ஆகவே இந்தியத் தாவர நூல்கள் பலவற்றிலும் இப்பெயர் வேறு இனங்களுக்கு வழங்கலாயிற்று. குராசோ, அரூபா, பொனெய்ர் ஆகிய தீவுகளின் செடிக்கே இப்பெயர் உரியதென்றும், மெக்சிகோவின் அகேவ் அங்குஸ்திபோலியா வேறினமென்றும் 2003-இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை விளக்கிற்று.

அத்தீவுகளில் மழை தக்காணத்தினும் குறைவு. வறட்சியைத் தாங்கும் முறை இரண்டிடத்தும் ஒன்றே. அகேவ் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து கரியமிலவாயுவை ஏற்று, மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவு சமைக்கிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். விடியற்காலையிலும் மாலையிலும் எடுத்த இலைச்சாற்றை அமில அளவுத் தாளில் சோதித்தால் வேற்றுமை புலப்படும். சாறு கையில் படலாகாது. அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தோலை அரிக்கும்.

பூவில்தான் தீவுச் செடிக்கும் நம் வேலிச் செடிக்கும் வாழ்வு வேறாகிறது. குராசோவில் தேனுண்ணும் வௌவால்கள் இரவில் அகேவ் பூக்களை நாடி வருகின்றன. அவ்வௌவால் குடும்பம் அமெரிக்காவுக்கு அப்பால் இல்லை. நம் நாட்டில் நாருக்காகப் பயிரிடப்படும் அகேவ் சிசலானாவோ ஐந்து தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டது. விதை பிடிப்பது அரிது. பல்பில்களும் வேரடிக் கன்றுகளுமே அதன் வாரிசுகள். ஒரே தாய்ச்செடியின் பல்பில்களால் நட்ட நீண்ட வேலி முழுவதும், பரம்பரை இயல்பை நோக்க, ஒரே செடிதான்! நோயொன்று அதனைத் தாக்கினால் தப்பிப் பிழைக்கும் வகை அவ்வரிசையில் இருக்க வாய்ப்பில்லை.

கள ஊழியர் முதலில் இதனைச் சோற்றுக் கற்றாழையினின்றும் பிரித்தறிய வேண்டும். சோற்றுக் கற்றாழை ஆண்டுதோறும் பூக்கும். அதன் சூற்பை இதழ்களுக்கு மேலே அமையும். அகேவில் சூற்பை கீழே அமையும். பல ஆண்டுகள் காத்திருந்து, ஆளுயரத்தினும் பன்மடங்கு நீண்ட தண்டில் ஒரேமுறை பூத்து, இலைக்கொத்து மடிகிறது. இனங்களுக்குள் வேற்றுமை காண இலை விளிம்பை நோக்குக. முதிர்ந்த சிசலானாவின் விளிம்பில் பெரும்பாலும் முள் இராது. நாருக்குப் பெயர்பெற்ற கந்தாலாவில் வளைந்த சிறு முட்கள் உண்டு. அமெரிக்கானாவின் இலை அகன்று சாம்பல் நிறமாக, பெரிய முட்களுடன் விளங்கும்.

இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையின் மேற்கு வட்டம் 1955-இல் புணேயில் தொடங்கப்பட்டது. இத்தகைய உலர்தாவரச் சேகரங்களில் அகேவ் மாதிரி அருகியே கிடைப்பதற்குக் காரணம் சதைப்பற்றான இலையை அழுத்தி உலர்த்துவதிலுள்ள தொல்லையே. இலையை நெடுக்காகப் பிளந்து, சதையைச் சுரண்டி நீக்கி, நுனிமுள்ளும் விளிம்பும் அடிப்பகுதியும் கெடாமல் உலர்த்துக. பூக்களைச் சாராயக் கரைசலில் இடுக. பல்பில் இருந்ததா, வேரடிக் கன்று இருந்ததா, செடி நட்டதா தானே பரவியதா என்பவற்றை அவ்விடத்திலேயே சீட்டில் எழுதிவிட வேண்டும். உலர்ந்த மாதிரியிலிருந்து இவற்றைப் பின்னர் அறிய இயலாது.