அம்மாவின் புதிய சிறுநீரகம்

நம் உடம்பில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு இருக்கும். இவை இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. கழிவைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகங்கள் கெட்டுப் போகலாம். இரண்டும் கெட்டுவிட்டால் இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கு டயாலிசிஸ் என்று பெயர். இன்னொரு வழியும் உண்டு. வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தலாம்.

நெருங்கிய உறவினர் ஒரு சிறுநீரகம் தரலாம். மூளைச் சாவு அடைந்தவரின் குடும்பத்தார் தானமாகத் தரலாம். விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஒரு வீட்டில் அம்மாவுக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். புதிய சிறுநீரகம் எங்கே இருக்கும்? முதுகுப் பக்கம் இல்லை. அடிவயிற்றில், வலது அல்லது இடது பக்கம் இருக்கும். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

தையல் ஆறிவிடும். அம்மா நடப்பார். நன்றாகச் சாப்பிடுவார். முகம் தெளியும். "இனி மாத்திரை எதற்கு?" என்று தோன்றும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

நம் உடம்பில் ஒரு காவல் சக்தி உண்டு. கிருமி நுழைந்தால் அது எதிர்த்துப் போராடும். புதிய சிறுநீரகத்தையும் அது அந்நியன் என்று நினைத்துத் தாக்கும். பெற்ற மகனே கொடுத்த சிறுநீரகம் என்றாலும் தாக்கும். அந்தக் காவலை அடக்கி வைக்கவே மாத்திரை. டாக்ரோலிமஸ் என்பது அப்படி ஒரு மருந்து. இத்தகைய மாத்திரைகளைத் தினமும் குறித்த நேரத்தில் சாப்பிட வேண்டும். புதிய சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுவதும் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் சிறுநீரகம் கெட்டுவிடும். மறுபடியும் டயாலிசிஸ்தான்.

மாத்திரைக்குப் பணம் இல்லையா? ஒரு வேளையைக் குறைத்து மிச்சம் பிடிக்கக் கூடாது. மாத்திரை தீரும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருந்தால் அவரிடமும் உதவி கேட்கலாம். மருத்துவரைக் கேட்காமல் வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறக் கூடாது. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. நாட்டு மருந்தும் கேட்காமல் சாப்பிடக் கூடாது. பம்பளிமாஸ் பழம் வேண்டாம். அது மருந்தின் அளவை மாற்றிவிடும்.

காவலை அடக்கி வைப்பதால் கிருமிகள் எளிதில் தாக்கும். முதல் சில மாதங்களில் அதிகக் கவனம் வேண்டும். காய்ச்சிய நீரைக் குடிக்க வேண்டும். சூடான, நன்றாக வெந்த உணவைச் சாப்பிட வேண்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அம்மாவின் அருகே போகக் கூடாது. கனமான குடத்தை அம்மா தூக்கக் கூடாது.

சிறுநீரகம் கெடத் தொடங்கினால் வெளியே தெரியாமலும் இருக்கும். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு கூடுவதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆகவே சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போக வேண்டும். டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் கையில் கொண்டு போக வேண்டும். இரத்தம் எடுத்த பிறகே அதைச் சாப்பிட வேண்டும்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். மாத்திரையின் பெயர், வேளை, அம்மாவின் எடை, இரத்த அழுத்தம், காய்ச்சல், போன சிறுநீரின் அளவு ஆகியவற்றைத் தினமும் எழுதலாம். மகனோ மகளோ எழுதலாம். எழுதப் படிக்கக் கற்ற அம்மாவே எழுதலாம்.

காய்ச்சல் 100 டிகிரிக்கு மேல் போகலாம். சிறுநீர் குறையலாம். கால் வீங்கலாம். எடை திடீரென்று கூடலாம். புதிய சிறுநீரகம் உள்ள இடத்தில் வலிக்கலாம். இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோட்டை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.