பாறையே ஓவியமான நிலையம்

"ரயில் நிலையத்துக்குக் கலை எதற்கு? வண்டி நேரத்துக்கு வந்தால் போதாதா?" என்று விடுதி நண்பர்கள் கேட்பதுண்டு. தில்லி மெட்ரோவில் நாள்தோறும் சென்று வரும் நமக்கு எழக்கூடிய கேள்விதான். விடையாக ஓர் அமெரிக்க நிலையத்தைக் காட்ட விரும்புகிறேன்.

ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் ஓடும் இலகு ரயிலுக்கு மாக்ஸ் என்று பெயர். மலையைக் குடைந்து சுமார் மூன்று மைல் நீளத்துக்கு அமைத்த சுரங்கப் பாதையில், தரைக்கு 260 அடி கீழே உள்ளது வாஷிங்டன் பார்க் நிலையம். 1998-ல் திறக்கப்பட்டது.

சுரங்கம் தோண்டுமுன் மலையில் துளையிட்டுப் பாறையின் தன்மையைச் சோதிப்பார்கள். அப்போது குழாய் வழியே உருளை வடிவில் பாறை வெளிவரும். அந்த உருளையைத்தான் நடைமேடைச் சுவரில் நீளக் கிடத்தியிருக்கிறார்கள். சுமார் 1 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறை முதல், பிற்காலத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த நுண்மண் வரை அதில் காணலாம். அருகே காலக்கணக்கும் உண்டு. வண்டிக்குக் காத்திருப்பவர் பத்தடி நடந்தால் பல லட்சம் ஆண்டுகளைக் கடந்துவிடுகிறார்! வாங்கி மாட்டிய படம் அழகு தரும். அவ்விடத்தின் பாறையோ அறிவும் தருகிறது.

ஆனால் ஒரு குறை. அதே நிலையத்தில் 'பை' எண்ணையும் பொறித்தார்கள். முதற் பத்துத் தசம இலக்கங்கள் சரி. அடுத்து 8979 என வரவேண்டிய இடத்தில் 8214 என்று செதுக்கிவிட்டார்கள். புத்தகப் பிழையை மறுபதிப்பில் திருத்தலாம். கல்லில் செதுக்கியதைத் திருத்துவது எளிதன்று. ஆகவே, பொது இடத்துக் கலையில் கலைஞரோடு விஞ்ஞானியும் அமர வேண்டும் என்பதே என் துணிபு.